கிணற்றுக்கு வந்த தீர்த்தம்

புயல் போய் நாலாம் நாள். துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே குடிகிணறு, கடல் ஏறி உவர்த்துப் போயிருந்தது. மழையும் புயலோடு ஓய்ந்துவிட்டது. பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் தண்ணீர் வண்டி வரவில்லை. சாய்ந்த தென்னைகளின் இளநீரும் முடிந்தது. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிவிட்டது. இரண்டு மாத மகனுக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தேன், கொடுத்ததெல்லாம் கக்கினான். அன்று காலை அழுவதையும் நிறுத்திவிட்டான். நான் பயந்து செத்தேன்.

அந்த நேரத்தில்தான் கிணற்றை ஆசீர்வதிக்க மாதா கோயில் சுவாமி வந்தார். தெருவே கிணற்றடியில் முழங்காலில் நின்றது. அவர் கையில் ஒரு போத்தல் தீர்த்தம். புயலுக்கு முன்னரே கோயில் கிணற்றில் அள்ளி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர். அதை ஊற்றினால் கிணறு தேறும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பித்தான் போனேன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு.

தண்ணீரைப் படைத்ததற்காகச் சுவாமி கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தண்ணீருக்கு நன்றி? அவர் போத்தலைச் சரித்தபோதுதான் உறைத்தது, தெருவில் இருந்த நல்ல தண்ணீர் அது ஒன்றுதான். எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஊத்தாதேங்கோ சுவாமி. பிள்ளைக்குத் தாங்கோ.”

“இது தீர்த்தம், பிள்ளை. பழந்தண்ணி.”

“காய்ச்சிக் குடுக்கிறன். வேற தண்ணி எங்க கிடக்கு?”

“கிணறு தேறாட்டி எங்கட பிள்ளையள் என்னத்தைக் குடிக்கிறது?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு அப்போது நியாயம் தேவைப்படவில்லை. பிடித்த கையை விடவில்லை.

சுவாமி மகனின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். போத்தலை என்னிடம் தந்துவிட்டு, வெறுங்கையைக் கிணற்றுக்கு மேலே நீட்டி மிச்ச மன்றாட்டைச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

குசினியில் அதைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி பருக்கினேன். இப்போது கக்குவான், இப்போது கக்குவான் என்று துவாயைப் பிடித்தபடி இருந்தேன். கக்கவில்லை.

கிணறு தேற அடுத்த மாரி வரவேண்டியிருந்தது. நான் தீர்த்தத்தைப் பறித்ததால்தான் தேறவில்லை என்று, அதுவரை தெருவில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் விடட்டும். அன்று இரண்டாவது கரண்டிக்கு அவன் தானாக வாயைத் திறந்தான். சுவாமி தொடங்கிய நன்றிக்கு அப்போதுதான் நான் ஆமென் சொன்னேன்.