மல்லிகைப் பந்தலுக்குக் கீழே நாலு ஆமை

உப்பளம் பேட்டையில் ஒரு சொல்தா வீட்டில் எனக்குக் கிடைத்தது தோட்ட வேலை. ஆமைகளைப் பற்றி யாரும் முதலில் சொல்லவில்லை. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டு ஐயா மட்டும் இன்னும் பிரெஞ்சுப் பட்டாளத்தில்தான் இருந்தார். அப்படிப் போனவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவர் அல்ஜீரியாவில் இருந்தார். வீட்டில் அவர் மனைவியும் ஒரு சமையல்கார அக்காவும் மட்டும். இருவரும் கோயில் மணி அடித்தால் வேலையை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்கிற வேதக்காரர்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குள் கடலூரில் மூட்டை தூக்கியிருந்தேன், விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டியிருந்தேன், இங்கே மில்லில் எட்டு மாதம் பஞ்சு அள்ளி, இருமல் வந்து நின்றிருந்தேன். எந்த இடத்திலும் முழுதாக ஒரு வருடம் இருந்ததில்லை. இந்த வீட்டில் சாப்பாடு உண்டு, தோட்டத்து அறையில் படுக்கை உண்டு என்றார்கள். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இருக்கலாம் என்று வந்தேன்.

தோட்டத்தின் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி. இடுப்பு ஆழம், செங்குத்தான சுவர். அதில் நாலு காராமை. கல்யாணமான புதிதில் ஐயா தன் கையால் பிடித்துக்கொண்டு வந்தவை. அவற்றுக்குச் சூடு தாங்காது என்று அம்மா தொட்டிக்கு மேலே பந்தல் போட்டு மல்லிகைக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார். உள்ளே நட்ட நடுப்பகலிலும் நிழல்தான். தீனி, காலையில் மிஞ்சிய ரொட்டியைப் பாலில் ஊறவைத்தது. சனிக்கிழமை தோறும் அக்கா நாலையும் வெளியே எடுத்து, ஓட்டில் நல்லெண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்து உள்ளே விடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கல்யாணவீட்டுக் குத்துவிளக்கு மாதிரி.

வந்த முதல் மாதத்திலேயே ஒன்றை நான் கொன்றேன். தண்ணீர் பச்சையாக இருந்ததால் முழுவதையும் இறைத்துவிட்டு, சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, அன்று மாலையே கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஆமைகளை விட்டேன். இரண்டு நாளில் சின்னது மிதந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. "இனிமே சுண்ணாம்பு போடாத" என்றார். அவ்வளவுதான். முருங்கை மரத்தடியில் நானே புதைத்தேன்.

மாதம் ஒரு கடிதம் அல்ஜீரியாவிலிருந்து வரும். அதில் கூரை ஒழுகுகிறதா என்று இருக்கும், அம்மாவின் தலைவலி எப்படி என்று இருக்கும், கடைசியில் ஆமைகள் எப்படி என்று இருக்கும். அம்மா எப்போதும் ஒரே பதில்தான் எழுதுவார்: நாலும் சுகம். சின்னது செத்த பிறகும் அப்படியே எழுதினார். கடிதத்தைத் தபாலில் போட என்னிடம் கொடுத்தபோது அவராகவே சொன்னார்: "அங்க துப்பாக்கி சத்தத்துல நிக்கிறவருக்கு இத வேற எழுதணுமா?"

மழை நின்றது. நான் கிளம்புகிற யோசனையில் இருந்தேன், அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். ஐயா பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டர் பண்டிகைக்கு, லீவில் வருவதாகக் கடிதம் வந்தது. அந்த வாரம்தான் பெரிய ஆமைக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. ரொட்டியை மூக்குக்கு நேரே வைத்தாலும் தொடவில்லை. அடிவயிற்று ஓட்டை விரலால் அழுத்தினால் ஊறின தோல் போல அமுங்கியது. மற்ற இரண்டும் மந்தமாகக் கிடந்தன.

"அவரு வர்றப்போ ஒண்ணுமே இருக்காது போல" என்றார் அம்மா. "நாலும் சுகம், நாலும் சுகம்னு எழுதினேனே. இனிமே நான் எழுதற எதைத்தான் அவரு நம்புவாரு?"

கொன்றவன் நான். அவர் சொன்ன பொய் என்னால் ஆரம்பித்தது. அதனால் மூட்டை கட்டுவதைத் தள்ளிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அந்த ஞாயிறு ஊசுட்டேரி வரை நடந்துவிட்டேன். கரையோரம் ஒரு பனைமரம் பாதி தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஏழெட்டு ஆமைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கழுத்தையும் நாலு காலையும் நீட்டியபடி வெயிலில் கிடந்தன. ஓடு காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. ஒரு மினுக்கும் இல்லை. ஆள் நெருங்கினால் அத்தனையும் தொபுக்கென்று குதித்துவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். ஒன்று கரைச் சேற்றில் நத்தையை ஓட்டோடு கடித்தது. அந்தச் சத்தம் நான் இருந்த இடம் வரை கேட்டது. உச்சிவெயில் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

"அம்மா, பந்தல எடுக்கணும்" என்றேன்.

"மாதா படத்துக்குப் பூவே அதுலதான்டா வருது" என்றார் அக்கா, அம்மாவை முந்திக்கொண்டு. "வெயில்ல போட்டா வெந்து பூடாதா? ஆமைய அவிக்கணும்னா எங்கிட்ட சொல்லு, நானே அடுப்புல வைக்கறேன்."

"ஏரில அதுங்க வெயில்லதாங்க்கா கெடக்குது. எவனும் பந்தல் போடல. எண்ணெயும் தேய்க்கல."

"ஓ, இப்ப என் எண்ணெ மேல பழியா? உன் சுண்ணாம்புக்கு என் எண்ணெ எவ்வளவோ தேவல."

அம்மா பந்தலை நிமிர்ந்து பார்த்தார். மொட்டு பிடிக்கிற நேரம் அது. "கொடிய வெட்டாத. மடக்கி செவுத்துப் பக்கம் கட்டு" என்றார்.

கட்டினேன். தொட்டிக்குள் ஒரு தென்னங்கட்டையைச் சரிவாக இறக்கி, பாதி தண்ணீரிலும் பாதி வெயிலிலும் இருக்கும்படி வைத்தேன். கிழக்கு மூலையில் மட்டும் நிழலுக்குக் கீற்று போட்டேன். தண்ணீரை மொத்தமாக இறைக்காமல் தினம் நாலு குடம் எடுத்து நாலு குடம் விட்டேன். இரண்டாம் நாளே மற்ற இரண்டு ஆமைகளும் கட்டையில் ஏறிக் கழுத்தை நீட்டின. பெரியது கீழேயே கிடந்தது.

கண்ணுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்ன வயதில் எனக்கு மாலைக்கண் இருந்தது. கூழை மட்டும் குடித்து வளர்ந்தால் வரும். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பேன். பக்கத்து வீட்டில் ஆடு அடித்த நாட்களில் ஈரலைச் சுட்டுக் கொடுத்தார்கள், முருங்கைக்கீரை கொடுத்தார்கள், பார்வை வந்தது. மனுசக் கண்ணுக்கு ஆவது ஆமைக்கு ஆகாதா என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கிற படிப்பு என்னிடம் இல்லை.

பெரியதைத் தனியாக ஓர் அலுமினியத் தாம்பாளத்தில், ஓடு நனைகிற அளவு தண்ணீரில் வைத்தேன். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தேன். ஈரலை நூல் நூலாகச் சீவி ஈர்க்கில் குத்தி வாய்க்கு நேரே பிடித்தேன்.

"ஆமைக்கு ஈரலு, எனக்கு ரசமா?" என்றார் அக்கா. "அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா நான் இந்தத் தொட்டியிலயே பொறக்கறேன்."

தபசுகாலம் தொடங்கிவிட்டது. பாஸ்காவுக்கு முந்திய அந்த நாட்களில் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கறி நுழையாது. ஆமைக்கும் நுழையாது என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். நான் வாழைப்பாத்தியைக் கிளறி மண்புழு எடுத்தேன்.

"புழு கறில சேருமாம்மா?" என்று அக்கா கேட்டார்.

அம்மா நிஜமாகவே யோசித்தார். "மீனு சேராது இல்ல, அதுமாதிரி வெச்சிக்க."

ஆமை புழுவையும் தொடவில்லை. பத்து நாள் அப்படியே போனது. தூக்கும்போது எடை குறைந்திருப்பது கைக்குத் தெரிந்தது. நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் தினமும் பூசை முடிந்து நேராகத் தோட்டத்துக்குத்தான் வருவார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, வலது கண்ணில் ஒரு கீற்று தெரிந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ அசைந்தது. மறுநாள் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு நான் பராக்குப் பார்த்திருந்தபோது, ஈரலோடு சேர்த்து என் விரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது. நான் கத்தியதில் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"இன்னாடா?"

"கடிக்குதுக்கா."

"வலிக்குதா?"

"நல்லா வலிக்குது" என்றேன். அம்மா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று மத்தியானமே அவர் காகிதத்தோடு வந்து தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

"இன்னான்னு எழுதறது?"

"பெருசுக்குக் கண்ணு தெறந்துடுச்சின்னு எழுதுங்கம்மா."

"மூடியிருந்ததையே நான் எழுதலியே."

"அப்ப அதுலேர்ந்து எழுதுங்க."

"அதுலேர்ந்துன்னா சின்னது செத்ததுலேர்ந்து எழுதணும்."

"எழுதுங்க. சுண்ணாம்பு போட்டது நாந்தான்னும் எழுதுங்க."

இரண்டு தாள், நான்கு பக்கமும் எழுதினார். தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு, நான்தான் தப்பான யோசனை சொல்லிவிட்டேனோ என்று மூன்று வாரம் தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலுக்குப் போய் நின்றேன். அதற்குள் பெரியதும் தொட்டிக்குப் போய்க் கட்டையில் இடம் பிடித்துக்கொண்டது.

பதில் கடிதத்தை அம்மா தோட்டத்தில் நின்றபடியே படித்தார். பிறகு சில வரிகளை எங்களுக்கும் வாசித்துக் காட்டினார். ஆமை செத்ததற்கு ஒரு வரிதான் இருந்தது, பாவம் என்று. மீதியெல்லாம் ஐயாவைப் பற்றியது. இரண்டு மாதமாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். காலில் அடி. அதை எழுத மனமில்லாமல் அவரும் சுகம் என்றே எழுதிக்கொண்டிருந்தாராம். நீ உள்ளதை எழுதினதால் நானும் எழுதுகிறேன் என்று இருந்தது. இப்போது ஊன்றிக்கொண்டு நடக்கிறாராம். பாஸ்காவுக்கு வருவது உறுதியாம்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொட்டிக்கும் வீட்டுப் பின்வாசலுக்கும் நடுவே இருந்த தரையைப் பார்த்தார். மேடும் பள்ளமுமான தரை.

"ஏம்பா, தடிய ஊனிக்கினு இதுல நடக்க முடியுமா?"

"முடியாதும்மா. நெரவணும்."

"இருந்து நெரவிக் குடுத்துட்டுப் போறியா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பின்வாசலிலிருந்து ஆரம்பித்தேன்.