ராஜலிங்கம் பிறந்த இடம்

ராஜலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. கண்டியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டி வேலை, மஹய்யாவயில் வாடகை வீடு. பிறந்தது பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் கண்டி டவுன் என்றே இருபது வருடமாகச் சொல்லி வந்தார். தோட்டத்து ஆள் என்றால் வேலை தரும் சுற்றுலாக் கம்பனியில் ஒரு மாற்றுக் குறைவாகப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை.

ஸ்பானியர் வரத்து கூடியதும், அந்த வயதில் ஷிபானா டீச்சரின் ஸ்பானிய மொழி மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். இறந்தகால எச்சம் படிப்பித்த அன்று டீச்சர் பலகையில் 'நசீதோ' என்று எழுதினார். பிறத்தலைச் சொல்லும் சொல்.

"'எ நசீதோ' என்டா நான் பிறந்தேன். வினையா வரக்குள்ள ஆண், பெண் என்டு ஒன்டும் மாறாது. ஆளை வர்ணிக்கப் போட்டா மட்டும் மாறும். அவர் நசீதோ, அவ நசீதா, கன பேர் என்டா நசீதோஸ். எல்லாரும் தங்கட ஊரைப் போட்டு எழுதுங்க."

ராஜலிங்கம் கண்டியில் பிறந்ததாக எழுதினார். டீச்சர் சரி போட்டார். இலக்கணம் சரிதானே, பொய்யைத் திருத்துவது அவர் வேலையா?

கம்பனியோ பயணிகளை அவர் பிறந்த அந்தத் தோட்டத்துக்கே அனுப்பும். அங்கே மலையில் அவருடைய அக்கா சிவமணி கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். தம்பியின் நிலைமை தெரிந்தவர். பயணிகளோடு வான் வந்து நின்றால் யாரோ போல நிற்பார். படமெடுக்கக் கேட்டால் கூடையோடு சிரிப்பார். ஒருநாளும் 'தம்பி' என்று வாய் திறந்ததில்லை. ராஜலிங்கமும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

போன மாசியில் ஒரு ஸ்பானியத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா படமெடுத்து முடித்தபின் சிவமணியின் வெடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். ராஜலிங்கம் அதைத் தமிழில் அக்காவிடமே கேட்க வேண்டியதாயிற்று.

"யாரும் இல்லன்னு சொல்லிருங்க சார்," என்றார் சிவமணி.

அந்த 'சார்' அவரை உலுக்கிவிட்டது. கம்பனிக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

"எ நசீதோ அக்கி," என்றார். நான் இங்கேதான் பிறந்தேன். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எர்மானோஸ். நசீதோஸ் அக்கி." கூடப்பிறந்தவர்கள், இங்கே பிறந்தவர்கள்.

அந்த அம்மா கமராவை மறுபடி எடுத்து, இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கும்படி கைகாட்டினார்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நீ என் அக்கான்னு சொன்னேன்."

எத்தனையோ நாட்டுக்காரருக்குச் சிரித்த சிவமணியின் முகத்தில் இப்போது சிரிப்பு வரவில்லை. சேலைக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்.

"முன்னமே சொல்லக்கூடாதாடா தம்பி? வேற சேலை கட்டிக்கிட்டு வந்திருப்பேனே."