வெள்ளிக்கிழமை மதியம் இறக்க வந்த என்ஜின்

1. “எல்லாம் இருக்கு”

கோல சிலாங்கூரில் ஒரு லோரி கம்பெனியில் டெலிவரி கோர்டினேட்டராக என் பாதி ஆயுள் போனது. பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், ஆண்கள் போனில் சொல்லும் பொய்யை நம்பி லோரி அனுப்புவது. அந்தப் பொய்களிலேயே பெரிய பொய் “எல்லாம் இருக்கு” என்பது. இறக்க ஆள் இருக்கா? இருக்கு. லோரி திரும்ப இடம் இருக்கா? இருக்கு. போய்ப் பார்த்தால் ஒரு நாயும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் இருக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஓர் என்ஜின் கதையை எழுதி வைக்கிறேன். போன வருஷம், நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

சரோஜா எஸ்டேட் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன்காரி. வேன் அவருடையது, ஓட்டுவதும் அவரே. பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் என்ஜின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு, கிள்ளானில் பழைய ஜப்பான் வண்டிகளை வெட்டி விற்கும் ஒரு கடையில் டீசல் என்ஜின் ஒன்று வாங்கினார். கியர்பாக்ஸோடு சேர்ந்து, மரப்பலகைத் தட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய சாமான். நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாது.

அதைத் தஞ்சோங் காராங்கில் மெக்கானிக் குணாவின் வொர்க்‌ஷாப்பில் இறக்க வேண்டும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கு வேன் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போயாக வேண்டுமே.

“அக்கா, இது உடைஞ்சா இன்னொன்னு வாங்க என்கிட்ட வழி இல்லக்கா. கொஞ்சம் பார்த்து அனுப்புங்க” என்று சரோஜா போனில் கேட்டார்.

பார்த்துத்தான் ஏற்பாடு செய்தேன். எங்கள் கம்பெனியில் பின்பக்கம் லிஃப்ட் வைத்த லோரி ஒன்றே ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தினால் பலகை சாமானோடு தரைக்கு இறங்கும். அதை வெள்ளிக்கிழமை காலைக்கு எழுதி வைத்தேன். காலையில் ஆபீசுக்கு வந்து பார்த்தால் லோரியைக் காணோம். முதலாளியின் மச்சான் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு புஞ்சாக் ஆலாம் போயிருந்தது. நாற்காலியை இறக்க லிஃப்ட். என்ஜினை இறக்கக் கடவுள்.

“இன்னொரு லோரி பதினோரு மணிக்கு வந்துரும்லா. அதுல ஏத்து. குணாகிட்ட ஃபோர்க்லிஃப்ட் இருக்குல்ல?” என்றார் முதலாளி.

குணாவைக் கூப்பிட்டேன். “தம்பி, ஃபோர்க்லிஃப்ட் இருக்கா?”

“எல்லாம் இருக்குக்கா. நீங்க அனுப்புங்க.”

2. சாவி தொழுகைக்குப் போயிருந்தது

லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் அட்டெண்டன்ட் முந்தின வாரமே வேலையை விட்டு ஓடிவிட்டான். முதலாளியைத் தெரிந்த யாரும் அவனைத் திட்ட மாட்டார்கள். அதனால் டிரைவர் சேகரோடு நானே லோரியில் ஏறினேன். கிள்ளானில் என்ஜினை ஏற்றிக்கொண்டு தஞ்சோங் காராங் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. உச்சி வெயில். சரோஜா அதற்கு முன்பே தன் தம்பியின் மோட்டார் சைக்கிளில் வந்து, கூடு மாதிரி நின்ற தன் வேனுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்.

“ஃபோர்க்லிஃப்ட் எங்கே தம்பி?” என்று குணாவிடம் கேட்டேன்.

குணா பக்கத்து நெல் ஆலையைக் காட்டினார். ஃபோர்க்லிஃப்ட் நின்றது, நான் மறுக்கவில்லை. ஆலையின் ஃபோர்க்லிஃப்ட். அதை ஓட்டும் பாக் மான் நல்ல மனிதர், கேட்டால் வந்து தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாக் மான் மசூதியில் இருந்தார், சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

குணா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் தஞ்சோங் காராங்கில்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தத் தெரு மதியம் வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்தே தலை நரைத்தவர். ஆனாலும் அவருடைய கடை அந்த நேரத்தில் திறந்திருப்பதால் ஊரே திறந்திருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த நோய் உண்டு.

“தொழுகை முடிஞ்சு வந்துருவாரு தம்பி. வெயிட் பண்ணுவோம்” என்றேன்.

அதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார். “வெயிட்டா? பாகான் நக்கோடா ஓமார்ல மீன் ஏத்தணும். லேட்டானா கஸ்டமர் என்னைக் கிழிச்சிருவான். சட்டுனு இறக்கிட்டு கிளம்புங்க.”

குணாவுக்கு இது போதும். “டயர்ல விட்டுருவோம்க்கா. அஞ்சு நிமிஷ வேலை.”

டயரில் விடுவது என்றால், லோரிக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கி, சாமானை மேலிருந்து தள்ளிவிடுவது. கேஸ் தோம்பு என்கிற சிலிண்டர், எண்ணெய் டிரம் எல்லாம் அப்படித்தான் இறக்குவார்கள், ஒன்றும் ஆகாது. என்ஜின் டிரம் இல்லை. அதன் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி தகரம், கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். பாசிர் பெனம்பாங்கில் ஒருவர் இதே மாதிரி டயரில் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். டயர் ஒரு எகிறு எகிறியது, என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து சிமெண்டில் விழுந்தது, கூடு பிளந்தது. இப்போது அது படகு கட்டும் கல்லாக ஆற்றோரம் கிடக்கிறது. தள்ளியவர் இன்றைக்கும் வாய் கிழிய மெக்கானிக் வேலை பேசிக்கொண்டுதான் திரிகிறார்.

இதைச் சொன்னேன். யார் காதில் விழுந்தது? குணாவின் ஆட்கள் இரண்டு பேர் டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் லோரி மேல் ஏறி பெல்ட்டை அறுத்தான், இன்னொருவன் கடப்பாரை தேடினான்.

சரோஜா குணாவிடம் போய், “தம்பி, இவ்வளவு நாள் காத்திருந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே, அவரு வந்துறட்டும்” என்றார்.

“இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுக்கா. நீங்க அப்படி நிழல்ல உக்காருங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடைந்தால் இவர்களுக்கு என்ன போகும்? லோரி வாசலுக்கு வந்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று முதலாளி கையை விரிப்பார். வரும்போதே உடைந்துதான் வந்தது என்று குணா சத்தியம் பண்ணுவார். பழைய சாமானுக்குக் கேரண்டி இல்லை என்று கிள்ளான் கடைக்காரர் போனை வைப்பார். ஆளுக்கொரு கதவு திறந்து வைத்திருந்தார்கள். அத்தனை பேரிலும் தப்பிப் போக வழியில்லாதவர் சரோஜா மட்டும்தான். அவரைத்தான் நிழலில் உட்காரச் சொன்னார்கள்.

3. உட்கார்ந்துவிட்டார்

சரோஜா நிழலுக்குப் போகவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லோரியின் பின் டயரில் கால் வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து மேலே ஏறினார். கடப்பாரைக்காரனை விலகச் சொன்னார். துப்பட்டாவை மடித்து என்ஜின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இப்பத் தள்ளுங்க” என்றார்.

குணாவுக்கு முகம் செத்துவிட்டது. “அக்கா, இறங்குங்கக்கா. ரோட்டுல போறவங்கல்லாம் பார்க்கிறாங்க. அசிங்கமா இருக்கு.”

“பார்க்கட்டும். திங்கக்கிழமை நான் வேன் இல்லாம வீட்டுல உக்காந்திருந்தா அது அழகா இருக்குமா?”

முதலாளி மறுபடியும் போனில். “கிளம்பியாச்சா?”

“இல்ல பாஸ். என்ஜின் மேல ஒருத்தங்க உக்காந்திருக்காங்க.”

“யாரு அந்தப் பொம்பள? இறங்கச் சொல்லுலா.”

“என்ஜினுக்குச் சொந்தக்காரங்க பாஸ். டெலிவரி எடுக்க வந்தவங்களையே இறக்கிவிட்டா யாருக்கு டெலிவரி கொடுக்கிறது?”

அவர் கத்தினார். கத்துவதை வாசலில் நின்று கேட்டேன். மச்சான் வீட்டு நாற்காலிகள் இந்நேரம் பூ மாதிரி இறங்கியிருக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. வேலையை விடும் நாள் பக்கத்தில்தான் இருந்தது என்பதால் அதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

லோரியில் ஒரு குடை கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். எதிர்க்கடையில் ஐஸ் மைலோ வாங்கி நீட்டினேன். சேகர் தன் பங்குக்குத் தே தாரேக் குடிக்கப் போய்விட்டான். அவன் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை, அதுவே பெரிய உதவி. குணாவும் ஆட்களும் அடுக்கிய டயர்களின் மேலேயே உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு அவசரக்காரர்கள்.

தொழுகை முடிந்து பாக் மான் சொங்கோக் தொப்பியும் சாரோங்குமாக அப்படியே வந்தார். என்ஜின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். எனக்காகவா காத்திருந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். சரோஜா இறங்கினார். ஃபோர்க்லிஃப்டின் இரண்டு கரங்களும் பலகைத் தட்டுக்கு அடியில் நுழைந்தன, தூக்கின, வேனுக்கு முன்னால் கொண்டுபோய்த் தரையில் வைத்தன. ஒரு சத்தம் இல்லை.

தூக்கும்போது மட்டும் நம் வீரர்களுக்கு உயிர் வந்துவிட்டது. குணா முன்னால் நின்று இடது கை, வலது கை என்று ஆட்டி வழி காட்டினார். பாக் மான் அவரைப் பார்க்கவே இல்லை. அடுத்து குணா ஓர் ஆளிடம் போனைக் கொடுத்து, என்ஜினுக்குப் பக்கத்தில் கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அது அவருடைய வாட்சாப் ஸ்டேட்டஸில் வந்தது. கீழே எழுதியிருந்தது: பாதுகாப்பே எங்கள் முதல் கொள்கை.

எங்கள் முதலாளியின் அவசரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாகான் நக்கோடா ஓமாருக்கு விரட்டிக்கொண்டு போனோம். மீன் ஏற்ற வேண்டிய ஐஸ் கிடங்கு பூட்டியிருந்தது. அங்கேயும் வெள்ளிக்கிழமைதான். தொழுகைக்குப் போனவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வந்துகொண்டிருந்தார்கள்.

4. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது

குணாவுக்கு வாயில்தான் கோளாறு, கை சுத்தமான கை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து என்ஜினை மாட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை நான் ஆபீஸ் வாசலில் நின்றபோது சரோஜாவின் வேன் பிள்ளைகளோடு போனது. அவர் ஹார்ன் அடிக்கவில்லை, கை காட்டவும் இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணுக்கு வேலை இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட் இருக்கா என்று இனிமேல் யாரிடமும் கேட்காதீர்கள், இருக்கு என்றுதான் சொல்வார்கள். அது யாருடையது, ஓட்டுகிற ஆள் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கிழமையையும் பாருங்கள்.

லோரி வாசலில் நின்றதும் ஆளாளுக்கு உத்தரவு போடுவார்கள். அப்போது சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். இது உடைந்தால் இன்று ராத்திரி தூக்கம் வராமல் படுக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். அநேகமாக அவரை யாராவது நிழலில் உட்காரச் சொல்லியிருப்பார்கள். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு இறக்குங்கள்.