பக்கத்து சீட் பிரேக்

பஸ்ஸில் போனாலும், யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனாலும், எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் போதும், அவளுடைய வலது கால் தானாகவே தரையை ஓங்கி மிதிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டர்தான் முதலில் ‘பிரேக்கக்கா’ என்று பெயர் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலையைச் செய்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஒரு டிரைவிங் ஸ்கூலில் ரசீது எழுதத்தான் முதலில் சேர்ந்தாள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் தேவலை என்று நாலு பேர் கேட்கவே, முதலாளி அவளையே காருக்குள் உட்கார வைத்தார். பத்து வருஷம் அவருக்கு உழைத்தாள். பிறகு கடன் வாங்கி ஒரு வெள்ளைக் கார் வாங்கினாள். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் இருக்கும் வாத்தியாருக்கு ஒரு பிரேக். இந்த இரண்டாவது பிரேக்கைப் பொருத்துவதில் ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்கை அடிக்க ஆள் இல்லை. அவன்தான் அவளுக்கும் பொருத்திக் கொடுத்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள். “பயப்படாதீங்க. என்ன தப்பு வேணா பண்ணுங்க. என் கால் இங்க இருக்கு.” இதைக் கேட்டதும் ஸ்டியரிங்கை இறுக்கிய கை தளரும். கணவனை இழந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட வேண்டியவர்கள், அறுபது வயதில் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அந்தக் காலை நம்பித்தான் சாலையில் இறங்கினார்கள்.

சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். போன வருஷம் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். வலது செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் கணவன், “இன்னொரு செருப்பு டிராஃபிக்ல மாட்டிக்கிச்சா?” என்று கேட்க, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே காலில் ஒரு குண்டூசி தலை வரைக்கும் இறங்கியிருந்ததை அவன்தான் பார்த்தான். அவளுக்கு வலிக்கவே இல்லை. அன்று இருவரும் சிரிக்கவில்லை. “கால் மரத்துப் போகுதா?” என்று டாக்டர் கேட்டபோது, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று பட்டென்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும், உரிமம் போனால் அடுப்பு எரியாது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பொய்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓட்டியவள் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண், அன்று அவளுக்குப் பன்னிரண்டாவது நாள் பயிற்சி. கிடங்குத் தெருவின் வளைவில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அந்தப் பெண் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் செய்கிற தப்பு அது. பிரேக்கக்கா வழக்கம்போலத் தன் காலை ஓங்கி அழுத்தினாள். கார் நிற்கவில்லை. முன்பாதி முழுக்க லாரிக்கு அடியில் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்தது. அக்காவுக்கு நெற்றியில் ஏழு தையல். கார் மட்டும் இனி கார் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதே இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். “பிரேக்க மிதிச்சேன் சார். இருக்கிற பலத்தையெல்லாம் வெச்சு மிதிச்சேன். நிக்கவே இல்ல” என்றாள். அவர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனுஷன், போகும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கார் பழுது பார்க்க முடியாதபடி அழிந்துவிட்டதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் முழுத்தொகை கிடையாது, பாதிதான். ‘வெளி மெக்கானிக்கால் பொருத்தப்பட்ட இரண்டாவது பிரேக் செயல்படவில்லை என்று உரிமையாளரே தெரிவித்திருப்பதால், பராமரிப்புக் குறைபாடு காரணமாக’ என்று காரணம் போட்டிருந்தார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியவள் அவள். பாதிப் பணத்தில் பழைய கார் வரும், நல்ல கார் வராது. அன்றைக்கே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதிப்போட்டாள்.

மறுநாளே ஸ்பேனர் வந்து நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது.

“அக்கா, என் பிரேக் நிக்கலன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?”

“நடந்ததத்தான்டா சொன்னேன்.”

“ரெண்டு ஸ்கூல்காரன் வண்டிய வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டான். பதினாறு வருஷமா வேலை செய்யறேன், ஒரு பிரேக் கைவிட்டதில்ல. வாங்க, வண்டி கிடக்கிற இடத்துக்குப் போவோம். நிஜமாவே பிரேக் போயிருந்தா நான் கடைய மூடிடறேன்.”

நசுங்கிய கார்களைப் போட்டுவைக்கும் இடத்துக்கு அவனுடைய வேனில் போனார்கள். வெள்ளைக் கார் ஒரு மூலையில் மூஞ்சி இல்லாமல் கிடந்தது. பக்கத்து சீட்டின் பக்கம் மட்டும் ஓரளவு தப்பியிருந்தது. ஸ்பேனர் பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டு, கதவைக் கடப்பாறையால் நெம்பித் திறந்து, மண்டியிட்டு, கையால் பெடலை அமுக்கினான். பின் சக்கரத்தை அவளைச் சுற்றச் சொன்னான். சுற்றினாள். பெடலை அமுக்கினால் சக்கரம் அசையவில்லை, விட்டால் சுற்றியது. மூன்று தடவை செய்து காட்டினான். கம்பி அறுந்திருக்கவில்லை, ஒரு போல்ட் கூடத் தளரவில்லை.

“பாத்தீங்களா? இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கறேன். முழுப் பணத்தையும் வாங்காம விடக்கூடாது” என்று அவன் செல்போனைத் தேடினான்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெடலை அல்ல. பெடலுக்கு நாலு விரல்கடை தள்ளி, தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு கிழிந்திருந்தது. அவளுடைய ஷூவின் அளவுக்கு ஒரு பள்ளம். அடியில் இருந்த தகடு தெரிகிற அளவுக்கு அவ்வளவு பலமாக அழுத்தியிருக்கிறாள். இருக்கிற பலத்தையெல்லாம் வைத்துத்தான் மிதித்திருக்கிறாள், வெறும் தரையை. கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. “வெயில்” என்று ஸ்பேனரிடம் சொல்லிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“புகார வாபஸ் வாங்கிடு. பாதிப் பணம் போதும். பழைய வண்டி ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“வாங்கி?”

“இனிமே கீழ பாத்துப் பாத்து கால வெய்யி.”

“அப்ப ரோட்ட யாரு பாக்கறது?”

கெட்டவன் இல்லை அவன். துணிக்கடைச் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும் என்பது அவனுக்குத்தான் தெரியும். “பழி ஸ்பேனர் மேலயே இருந்துட்டுப் போகட்டும், அவனுக்கு வேற வேலை தெரியும். உனக்கு இது ஒண்ணுதான் தெரியும்” என்று மட்டும் சொன்னான். நியாயமா அநியாயமா என்று பிரிக்க முடியாத பேச்சு. அவளும் ஒரு வாரம் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் வாபஸ் கடிதம்கூட எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விசாரணைக்குப் போனபோதும் அது பைக்குள்தான் இருந்தது. சின்ன அறை. மேஜைக்கு அந்தப்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, ஓரத்தில் கம்பெனியின் வக்கீல். சாட்சிக்கு மருந்துக்கடைப் பெண்ணையும் வரவழைத்திருந்தார்கள். கையில் மாவுக்கட்டு. அதிகாரி பெயரைக் கேட்பதற்கு முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எல்லாம் என்னாலதான் மேடம். அக்கா வண்டிய நான்தான் நாசம் பண்ணிட்டேன். அக்கா பொழப்புலயே மண்ணப் போட்டுட்டேன். இனிமே என் ஜென்மத்துல ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்.”

ஸ்பேனர் போட்டோக்களை வரிசையாக மேஜைமேல் வைத்தான். வக்கீல் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“பிரேக் நல்லாத்தான் இருக்கு. நீங்களும் மிதிச்சதாச் சொல்றீங்க. அப்புறம் வண்டி ஏன் நிக்கல?”

பைக்குள் கடிதம் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், கேள்வி முடிந்துவிடும். அவள் மருந்துக்கடைப் பெண்ணைப் பார்த்தாள். மாவுக்கட்டுக் கையால் மூக்கைத் துடைக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

“நீ அழாதே” என்றாள். “நீ தப்பு பண்ணுவேன்னு தெரிஞ்சுதான் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அதுக்குத்தான் காசு வாங்கினேன்.” பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “மேடம், நான் மிதிச்சது பிரேக்க இல்ல, தரைய. என் கால்ல உணர்ச்சி இல்ல.”

அதிகாரி போட்டோக்களை ஓரமாக நகர்த்தினார்.

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம். அதுக்கு மேலகூட இருக்கலாம்.”

“அந்த எட்டு மாசத்துல எத்தனை பேருக்குக் கத்துக் குடுத்தீங்க?”

அவள் விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள். “முப்பத்தொரு பேரு” என்றாள். முப்பத்தொரு பேரிடமும் என் கால் இங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

வக்கீல் துள்ளி எழுந்தார், தகுதியில்லாதவர் வண்டியில் இருந்ததால் பாதியும் கிடையாது என்றார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். அன்றைய தேதியில் உரிமம் செல்லும், ஓட்டக் கூடாது என்று எந்த டாக்டரும் எழுதவில்லை, மனுஷத் தவறுக்குத்தானே இன்சூரன்ஸ் என்று சொல்லி முழுத்தொகையையும் கொடுக்கச் சொன்னார். உத்தரவின் ஒரு நகல் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் போகும் என்பதைக் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னார். “புரியுதுங்க மேடம்” என்றாள் பிரேக்கக்கா.

வெளியே மருந்துக்கடைப் பெண் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “கட்டு பிரிச்சதும் வேற நல்ல ஆளாப் பாத்து சேந்துக்கோ. உனக்கு ஸ்டியரிங் நல்லா வருது” என்று பிரேக்கக்கா சொல்லி அனுப்பினாள்.

ஸ்பேனர் வேனை எடுத்தான். அவன் பெயர் பிழைத்துவிட்டது, சந்தோஷப்படவும் அவனுக்குத் தெரியவில்லை. பாதி வழியில், “இவ்ளோ பணத்த வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க?” என்றான்.

“கார் வாங்கறதா இல்ல” என்றாள்.

அப்போது சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஸ்பேனர் சட்டென்று பிரேக் போட்டான். வேன் குலுங்கி நின்றது. சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே போனான். அவள் குனிந்து பார்த்தாள். பெடலே இல்லாத இடத்தில் அவளுடைய வலது கால் தரையை இறுக்கி மிதித்துக்கொண்டிருந்தது. பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கிப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.