சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தாயில்பட்டி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன சீசனில் ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். அந்த நேரம் நான் மட்டும் வேலை செய்த அறை வெடித்துச் சிதறியது. அதன்பிறகுதான், என் மனைவி வெகுநாளாகப் போய்வரும் கிறிஸ்தவ சபைக்கு நானும் போனேன். அங்கே உட்கார்ந்தால் மனதில் பயமே இருக்காது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், “அண்ணாச்சி, அடுத்த வாரம் நீங்க சாட்சி சொல்லணும்” என்றார். வெடிவிபத்துக்காகக் கோர்ட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பழைய பயம் திரும்பி வந்தது.

“ஏன் சபைக்கு வரமாட்டேங்கீக?” என்று மனைவி கேட்டாள்.

“என்னால கோர்ட்டுப் படி ஏற முடியாது புள்ள. ஜட்ஜய்யா முன்னால எனக்குப் பேச்சு வராது.”

விஷயம் புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

“கோர்ட்டுமில்ல, ஜட்ஜுமில்ல! ஆண்டவர் ஒங்களுக்குச் செஞ்ச நன்மைய எல்லார்ட்டயும் சொன்னா, அதுக்குப் பேருதான் சாட்சி.”

அடுத்து வந்த ஞாயிறே சபையில் எழுந்து நின்றேன். “தாகமெடுத்துச்சு, வெளிய வந்தேன். அந்தத் தாகத்தக் குடுத்தது கர்த்தர்” என்றேன். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். சபை முழுவதும் “அல்லேலூயா!” என்று முழங்கியது.

அன்று வந்த சந்தோஷம் இன்றும் என்னோடு இருக்கிறது. இப்போது கம்பெனித் தண்ணீர்க் குழாயடியில் நானே பேச்சைத் தொடங்குகிறேன். “ஏலே, சாட்சி அண்ணாச்சி வந்துட்டாக!” என்று கிண்டலடிக்கிறார்கள். என் சொந்தப் பெயரைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.