ஊர்மிளா வீட்டுப் பெட்டி

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் மின்வேலை முழுக்க ஊர்மிளாவின் தலையில்தான். கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணுவின் மகள். ஹட்டனில் வயரிங் படித்த வகுப்பில் ஒரே பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஏணியில் ஏறினால் கீழே கூட்டம் கூடும். இப்போது ஃபியூஸ் போனால் தோட்ட மேனேஜரான பெரிய தொரையே "ஊர்மிளா எங்க?" என்றுதான் கேட்கிறார்.

போன வருசம் தோட்டக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்டோரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதைக் கொழும்பில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். அதற்காக ஒரு புது மீட்டரும், அது சொல்வதை வாங்கி ஃபோன் சிக்னலில் கொழும்புக்கு அனுப்பும் சின்னப் பெட்டியும் வந்து இறங்கின. மறுநாள் பாதையில் மண் சரிந்துவிட்டதால், கொழும்பிலிருந்து இணைக்க வரவேண்டிய இன்ஜினியர் யோகேஸ்வரன் மட்டும் வரவில்லை. ஃபோனிலேயே சொல்லித் தருவதாக ஏற்பாடு.

ஸ்டோரில் சிக்னல் கிடையாது. ஊர்மிளா மேட்டில் தான் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு ஏறி, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, இறங்கி வந்து வயரைப் பூட்டுவாள்; பூட்டியதைச் சொல்ல மறுபடி ஏறுவாள்.

"தங்கச்சி, மீட்டரில ஏ, பீ எண்டு ரெண்டு ஓட்டை இருக்கும். பெட்டியிலயும் அப்பிடித்தான். ஏயை ஏக்குக் குடுங்கோ, பீயைப் பீக்குக் குடுங்கோ. மாறினா ரெண்டும் கதைக்காது."

அவள் மாற்றித்தான் கொடுத்திருந்தாள். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு வயரும் ஒரே நிறமாகத் தெரிந்தன. திருப்பிப் பூட்டியதும் பெட்டியில் பச்சை விளக்கு மினுங்கியது. மூச்சிரைக்க மேடேறினாள்.

"சேர், மீட்டர் பேசிருச்சுங்க!"

"இஞ்ச ஒண்டும் வரேல்லையே, தங்கச்சி."

எப்படி வரும்? ஸ்டோரில் அவளுடைய ஃபோனுக்கே கிடைக்காத சிக்னல் பெட்டிக்கு மட்டும் கிடைத்துவிடுமா? இத்தனை ஏற்ற இறக்கத்திலும் இது இருவருக்குமே தோன்றவில்லை. கடைசியில் அது விளங்கியதும், அந்த இரண்டு வயர் ஒரு கிலோமீட்டர்கூடப் போகும், பெட்டியைச் சிக்னல் உள்ள இடத்தில் வையுங்கள் என்றார் யோகேஸ்வரன். சிக்னல் உள்ள இடம் ஊர்மிளாவின் வீட்டுச் சுவர்தான்.

மழை கண்டால் லயத்துக்குக் கரண்ட் போய்விடும். பெட்டி அணையக்கூடாதே என்று கம்பெனி அதற்கு ஒரு பேட்டரியும் கூரையில் சோலார் தகடும் பூட்டிக் கொடுத்தது. லயத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர்மார் பலமுறை கேட்டும் நடக்காத காரியம், பெட்டிக்கு ஒரே வாரத்தில் நடந்தது.

"குடுத்து வச்ச பெட்டிடி," என்றாள் அம்மாக்கண்ணு.

ஒரு மழைநாள் பொழுதுசாய, மெழுகுதிரி வெளிச்சத்தில் ஊர்மிளா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது.

"இண்டைக்கு உங்கட கரண்ட் நல்லா நிக்குது, தங்கச்சி. இஞ்ச இருந்தே பாக்கிறன்."

"அது ஸ்டோரு சேர், ஜெனரேட்டர்ல ஓடுது. லயத்துல இருட்டுதாங்க."

"ஓ... அங்க மீட்டர் வைக்கேல்லைத்தானே," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

ஃபோனை வைத்தவள் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு பெட்டியிடம் போனாள். பிறகு பேட்டரியிலிருந்து வயர் இழுத்து அடுப்புக்கு மேலே ஒரு சின்ன பல்ப் மாட்டினாள். மறுவாரம் பக்கத்து வீட்டு ராக்காயி வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்கும் ஒன்னு போட்டுக் குடு புள்ள." மறுக்க மனம் வரவில்லை; அங்கேயும் ஒரு பல்ப் எரிந்தது.

மாதம் திரும்புமுன் யோகேஸ்வரன் கூப்பிட்டார். "பேட்டரி முந்தியைவிடக் கெதியா இறங்குது, தங்கச்சி. பெட்டி காட்டுது. ஏன் எண்டு விளங்கேல்லை."

ஊர்மிளா அடுப்புக்கு மேலே எரியும் பல்பை நிமிர்ந்து பார்த்தாள். "இங்க குளிரு ஜாஸ்திங்க, சேர்," என்றாள்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

அடுத்த லொறியிலேயே பெரிய பேட்டரி வந்தது. இறக்க ஆள் தேவைப்பட்டபோது, ராக்காயியின் புருசன் மாயாண்டி யாரும் கூப்பிடாமலே ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தான்.