வைத்தியர் இல்லாத படை

முந்தின ஞாயிற்றுக்கிழமை இம்ரான் பகடையை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“இன்னாடா, போடு” என்றேன்.

“அக்கா, ராஜகிரியில இன்னும் எத்தினி சுனைதான் வெப்ப?” என்றான்.

மாட்டிக்கொண்டேன்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஞாயிறு மதியம் நான் எங்கே போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்னதில்லை. செஞ்சி பஜாரில் இம்ரானுக்கு ஒரு மொபைல் சர்வீஸ் கடை. அதன் மாடியில் ஒரு அறை. அங்கே வயது வந்த, பொறுப்புள்ள சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கற்பனையாக ஒரு கோட்டையைப் பிடிக்கப் போகிறோம். ஒருவர் கதை சொல்வார், பூதங்களை ஏவுவார் — அது நான். மற்றவர்கள் “சுவர் ஏறுகிறேன்”, “மந்திரம் போடுகிறேன்” என்பார்கள். ஏறினாரா, விழுந்தாரா என்று பகடை சொல்லும். பந்தயம் கிடையாது, பணம் கிடையாது. என் கணவருக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த வேஷங்களுக்கு ‘கிளாஸ்’ என்று பெயர். வீரன் ஒரு கிளாஸ், மந்திரவாதி ஒரு கிளாஸ், ஒற்றன், வைத்தியர் என்று போகும். கதை சொல்பவருக்கு உள்ள பெரிய தலைவலியே இதுதான் — எந்தக் கிளாஸும் மற்றதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது. ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்துவிட்டால் மற்றவர்கள் எதற்கு வந்தார்கள்?

எங்கள் வீரன் தூக்கிச் சாப்பிட்டான். வீரன் என்றால் பாஸ்கர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கிறான், நிஜத்தில் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். மேஜையில் உட்கார்ந்தால் இரும்புக் கவசம், ஆளுயர வாள். எந்தப் பூதம் வந்தாலும் ஒரே வெட்டு. மந்திரவாதி இம்ரான் எந்த மந்திரம் போடலாம் என்று யோசிப்பதற்குள் பூதம் காலி. பாவம், அவன் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். வாளின் வலுவைக் குறைத்தேன் — பாஸ்கர் முகம் தொங்கியது. பூதத்துக்கு உயிரைக் கூட்டினேன் — இம்ரான் செத்தான். அப்போதுதான் மேஜையின் நாலாவது ஆளான தேன்மொழி சொன்னாள்.

“அக்கா, அவன அந்தக் கவசத்தோட ராஜகிரி ஏறச் சொல்லுங்க.”

செஞ்சிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ராஜகிரி எங்கள் கோட்டையின் உயரமான மலை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு நாமும் கோட்டை ஏறியாக வேண்டும். பாதி மலையில் பேச்சு நின்றுவிடும். அதற்கு மேல் சண்டையாவது ஒன்றாவது! அன்றே ‘மூச்சு’ என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தோம். படி ஏறினால் மூச்சு குறையும். கவசம் போட்டிருந்தால் இரண்டு மடங்கு குறையும். பாஸ்கரின் வாளை நான் தொடவே இல்லை. உச்சிக்குப் போவதற்குள் அவனே நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிட்டான். மந்திரவாதிக்கு வேலை வந்தது. வெளியூர்க்காரர் எழுதிய எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை... எழுதியவர்கள் ராஜகிரி ஏறியிருக்க மாட்டார்கள்.

போன மூச்சைத் திருப்பிக் கொடுப்பது வைத்தியர் வேலை. எங்கள் வைத்தியர் மந்திரத் தைலமெல்லாம் பூசுவதில்லை. இடுப்பில் மோர்ப்பானையோடு பின்னாலேயே ஏறி வருவார். யார் விழுந்தாலும் ஒரு குவளை. அந்த வைத்தியர்தான் தேன்மொழி.

நிஜத்தில் அவள் வல்லம் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். யார் அடுத்து விழப்போகிறார்கள் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். பாஸ்கர் கேட்பதற்குள் பகடையை எடுத்திருப்பாள். ஆட்டம் முடிந்ததும் நாங்கள் இருவரும் டீக்கடை வரை நடப்போம். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஒரு தோழி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

டிரான்ஸ்பர் கவுன்சலிங்கில் அவளுக்கு ஓசூர் கிடைத்தது. கணவர் வேலை பார்க்கும் ஊர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம், நானும் பட்டேன். கடைசி ஞாயிறு கிளம்பும்போது சொன்னாள், “என் வைத்தியரக் கொன்னுடாதீங்கக்கா. திரும்பி வந்துடுவேன்.”

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வைத்தியர் இல்லாமல் படை எப்படி மலை ஏறும்? மலையில் ஒரு சுனை வைத்தேன். தண்ணீர் குடித்தால் மூச்சு திரும்பும். அடுத்த வாரம் திருப்பத்தில் இன்னொரு சுனை. பாஸ்கருக்கு ஒரு மூலிகை இலை, இம்ரானுக்கு ஒரு சின்ன மந்திரம். நடுவில் ரேவதி என்று ஒரு பெண் சேர்ந்தாள். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். உட்கார்ந்ததும் பார்த்துவிட்டுக் கேட்டாள், “வைத்தியர் இல்லையே மேடம், நான் எடுத்துக்கட்டா?”

“அந்தக் கிளாஸ் இப்ப இல்லம்மா” என்றேன். ஒற்றனைக் கொடுத்தேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

இதெல்லாம் பேலன்ஸ் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இம்ரான் பகடையைப் பிடித்துக்கொண்டு சுனைக் கணக்குக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது.

“கேமை பேலன்ஸ் பண்றேன்டா” என்றேன்.

“இல்லக்கா. தேனுக்கா வர்ற வரைக்கும் எங்கள சாவாம பாத்துக்குற. ரொம்ப நாளா நாங்க யாரும் விழவே இல்ல. விழலன்னா என்னாத்துக்குக்கா வெளயாடறது?”

பாஸ்கர் ஜன்னல் பக்கம் பார்த்தான். ரேவதி தன் காகிதத்தைப் பார்த்தாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஓசூருக்குப் போன் போட்டேன். ஸ்கூல், வாடகை வீடு, குளிர் என்று சுற்றி வந்த பிறகு கேட்டேன், “எப்ப வர்ற?”

“அக்கா... இங்கயே மனை பாத்துட்டோம்.”

“ம்.”

“சொல்லணும்னு இருந்தேன். அப்பறம் இன்னொண்ணு, சிரிக்காதீங்க. இங்க ஒரு டேபிள் கெடச்சிருக்குது. கூட வேலை பாக்கறவங்கதான்.”

எனக்குப் பொறாமைதான், வேறென்ன? “வைத்தியர் நீதானே?” என்றேன்.

“இல்லக்கா, வீரன். பெரிய வாள்.” குரலில் அப்படி ஒரு குஷி. “நம்ம டேபிள்ல யாரும் எடுக்கல, யாராவது எடுக்கணும்னு வைத்தியர் எடுத்தேன். நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா வாள் வேறக்கா.”

“அப்போ அங்க வைத்தியர் யாரு?”

“யாரும் இல்ல. விழுந்து விழுந்து சாவுறோம். ஜாலியா இருக்குது.”

இத்தனை மாதம் நான் சுனை வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவள் வாள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். அவள் மேல் கோபமில்லை. டீக்கடை வரை அவளோடு ஒரு நடை நடக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ஓசூருக்கு அப்படி நடந்து போக முடியாதே!

நேற்று மேஜையில் எல்லாச் சுனைகளும் வற்றிவிட்டன என்று அறிவித்தேன். இலை கருகியது, சின்ன மந்திரம் மறந்துபோனது. பழைய வைத்தியர் ஓசூருக்குப் போய்விட்டார் என்றேன். பூதங்கள் உலவும் கற்பனை உலகத்தில் ஓசூர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மோர்ப்பானையை ரேவதியிடம் கொடுத்தேன்.

“நெஜமாவா மேடம்?” என்றாள்.

“நெஜமாதான்.”

முதல் சண்டையிலேயே பாஸ்கர் கவசத்தோடு படியில் சாய்ந்தான். ரேவதி பகடையை உருட்டினாள். நல்ல எண். ஒரு குவளை மோர் போய்ச் சேர்ந்தது. மூச்சு வந்து எழுந்த பாஸ்கர், தன் காகிதத்தில் எண்ணைத் திருத்திக்கொண்டே, நிமிராமல் சொன்னான்.

“தேங்க்ஸ் தேனு.”

பாஸ்கர் தலையைத் தூக்கவில்லை. நானும் யாரையும் பார்க்கவில்லை.

“பரவால்லண்ணா” என்றாள் ரேவதி. பகடையை இம்ரான் பக்கம் தள்ளினாள்.

பெயரைத் திருத்தவில்லை, பாருங்கள்... அவள்தான் வைத்தியர்.